ஒளியும் மூளையின் மறுமொழியும்

தொல்காப்பியனார் எழுத்தின் ஒலியளவாகிய மாத்திரைக்கு இலக்கணம் வகுக்குங்கால், இயல்பாக நிகழும் கண்ணிமைப்பொழுதையும் கைந்நொடிப்பொழுதையும் அதற்கு அளவாகக் கொண்டனர். அதனினும் மிகச் சிறிய காலத்தை அளந்தறிதற்கு அந்நாளிற் கருவி இல்லை. ஆயினும் அவ்வொரு மாத்திரை கழிவதற்குள் நம் உடலில் நிகழ்ந்து முடியும் செயல்கள் பல. அவற்றுள் ஒன்று காண்டல். கண்முன் ஒரு பொருள் தோன்றிய அக்கணமே அதனைக் கண்டுவிட்டதாக நாம் எண்ணுகின்றோம். உண்மை அஃதன்று. விழித்திரையிற் பட்ட ஒளி நரம்புச் செய்தியாக மாறிப் பிடரிப்புறத்து மூளையை அடைந்து, ஆங்கு ஒரு பெரிய மின்னசைவாகத் தோன்றுதற்கு ஏறக்குறைய ஒரு விநாடியிற் பத்திலொரு பங்கு காலம் செல்கின்றது. அக்காலம் நலமுடையார்க்குப் பெரும்பாலும் ஒத்திருக்கும். சில நோய்களில் நீண்டுவிடும். இந்நீட்சியை அளந்து நோயை ஆராயும் முறையொன்று 1972ஆம் ஆண்டு முதல் மருத்துவ உலகில் சிறந்து வழங்குகின்றது. அதன் வரலாறு, இயல்பு, பயன், எல்லை என்னும் நான்கினையும் இலக்கிய மாணவராகிய யாம் அறிந்த அளவில் ஈண்டு எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

‘தமிழ் பயில்வார்க்கு மூளையின் மின்சாரம் எற்றுக்கு?’ என வினவும் நண்பரும் நம்முள் இருத்தல் கூடும். பிறர் கூறும் துன்பத்திற்குப் புறத்தே சான்று காணாதவிடத்து நாம் அதனை நம்புவதெங்ஙனம் என்னும் வினா இவ்வாராய்ச்சியின் உள்ளே கிடக்கின்றது. அவ்வினா எல்லார்க்கும் பொதுவாதலின், அன்னாரும் சிறிது பொறுத்துக் கேட்பாராக.

மூளையில் மின்சாரம் கண்டோர்

நரம்பும் தசையும் தொழிற்படுங்கால் மின்சாரம் தோன்றும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலேயே அறியப்பட்டிருந்தது. மூளையிலும் அஃது உண்டோ என ஆராய்ந்து முதற்கண் வெளியிட்டவர் இங்கிலாந்து தேசத்து லிவர்ப்பூல் நகரில் வாழ்ந்த ரிச்சர்டு கேட்டன் என்னும் மருத்துவர். முயல், குரங்கு ஆகிய விலங்குகளின் மூளைப் பரப்பில் மெல்லிய மின்னோட்டங்கள் இருத்தலைக் கால்வனாமீட்டர் என்னும் கருவியாற் கண்டு, 1875ஆம் ஆண்டு எடின்பரோவிற் கூடிய பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தார்முன் அவர் எடுத்துரைத்தார். முயலின் கண்ணில் ஒளி பட்டபோது மறுபுறத்து மூளையின் ஒரு பகுதியில் மின்னோட்டம் மாறுபடுதலையும் அவர் குறித்தார். ஆகவே மூளையின் மின்சாரம் கண்டறியப்பட்ட நாளிலேயே ஒளிக்கு அது தரும் மறுமொழியும் கண்டறியப்பட்டது எனலாம்.

கேட்டனது கட்டுரையைப் பலர் அறிந்திலர். 1890ஆம் ஆண்டு போலந்து நாட்டவராகிய அடால்ஃப் பெக் என்பார் கிராக்கோ நகரத்துப் பல்கலைக் கழகத்தில் இதனையே தாமாகக் கண்டு வெளியிட்டார். ஒளிக்கு மறுமொழி தருவது பிடரிப்புறத்து மூளைப் பகுதி என்பதும் அவர் ஆராய்ச்சியால் தெளிவுற்றது. உடனே வியன்னாவிலிருந்து ஃபிளைஷல் என்னும் அறிஞர், ‘யான் இதனை 1883ஆம் ஆண்டிலேயே கண்டு முத்திரையிட்ட உறையிற் சேமித்து வைத்துள்ளேன்’ என உரிமை பாராட்டினார். இவ்விருவர் வழக்கின் நடுவே கேட்டன் 1875ஆம் ஆண்டிலேயே தாம் வெளியிட்டதைச் சுட்டிக் கடிதம் எழுதினார், வழக்கு அடங்கிற்று. ஏட்டில் எழுதிப் பூட்டி வைத்த கல்வியினும் பலரறிய உரைத்த கல்வியே உலகிற்குப் பயன்படும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இவையெல்லாம் விலங்குகளின் மூளையைத் திறந்து செய்த ஆராய்ச்சிகள். மண்டையோட்டைத் திறவாது மனிதருடைய மூளையின் மின்னலைகளைப் பதிந்தவர் ஜெர்மானிய தேசத்து யேனா நகரத்து மனநோய் மருத்துவராகிய ஹான்ஸ் பெர்கர் என்பார். 1924ஆம் ஆண்டில் முதற்பதிவு செய்தும், ஐந்தாண்டுகள் மீண்டும் மீண்டும் சோதித்து 1929ஆம் ஆண்டிலேயே அதனை வெளியிட்டார். கண்ணை மூடி அமைதியாக இருப்பாரிடத்து விநாடிக்கு 8 முதல் 13 வரை எழும் அலைகள், கண் திறந்தவுடன் அடங்குதலை அவர் கண்டனர். பலர் இதனை நம்பவில்லை. கேம்பிரிட்ஜில் ஏட்ரியன், மாத்யூஸ் என்னும் இருவர் 1934ஆம் ஆண்டு தாமே செய்து பார்த்து உண்மையென உரைத்த பின்னரே உலகம் ஏற்றுக்கொண்டது. விட்டுவிட்டு ஒளிரும் விளக்கை நோக்கியிருந்தால் மூளையின் அலையும் அவ்விளக்கின் தாளத்திற்கு ஒத்து எழும் என்பதையும் அவர்கள் காட்டினர்.

இரைச்சலுள் மறைந்த மறுமொழி

பெர்கர் கண்ட அலைகள் மூளை ஓயாது செய்யும் தொழிலின் பொதுப் பதிவாகும். ஒளிக்கென்று தனித்தெழும் மறுமொழி அதனுள் மறைந்து கிடக்கின்றது. அதன் சிறுமையை எண்ணிப் பார்ப்போம். கைவிளக்கில் இடும் மின்கலம் ஒன்றின் அழுத்தம் ஒன்றரை வோல்ட். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சங் கூறிட்டால் வரும் ஒரு கூறு மைக்ரோவோல்ட் எனப்படும். ஒளிக்கு எழும் மறுமொழி தலைத்தோலின்மேல் ஏறக்குறைய 10 மைக்ரோவோல்ட் அளவினது. அஃதாவது அம்மின்கலத்தின் அழுத்தத்தில் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு. மூளையின் பொது அலைகளோ 50 மைக்ரோவோல்ட் வரையிலும் உயர்வன. இமைக்குங்கால் எழும் மின்னசைவு அவற்றினும் பெரிது. ஒருமுறை ஒளி காட்டி ஒருமுறை பதிந்தால் மறுமொழி யாது, இரைச்சல் யாது எனப் பிரித்தறிதல் அரிது.

இவ்விடர்ப்பாட்டை நீக்கியவர் லண்டன் மாநகரத்து நரம்பு நோய்க்கான தேசிய மருத்துவமனையில் ஆராய்ந்த ஜார்ஜ் டாசன் என்பார். 1947ஆம் ஆண்டில் அவர் பல பதிவுகளை ஒரே படத்தின்மேல் ஒன்றன்மேலொன்றாக விழச் செய்து, எல்லாவற்றிற்கும் பொதுவாகிய வளைவு எது எனக் கண்டார். பின்னர் மின்தேக்கிகள் பலவற்றையும் சுழன்று தொடும் சாவியொன்றையும் கொண்டு பதிவுகளைத் தானே கூட்டித்தரும் பொறியொன்றை அமைத்து 1951ஆம் ஆண்டிற் காட்டினார். 1954ஆம் ஆண்டில் அதனை விரிவாக வெளியிட்டார். அவர் ஆராய்ந்தது மணிக்கட்டு நரம்பிற் செலுத்திய மின்னதிர்ச்சிக்கு மூளை தரும் மறுமொழியை. எனினும் அம்முறையே பின்னர் ஒளிக்கும் ஒலிக்கும் உரியதாயிற்று.

இம்முறையின் உட்பொருளை விளங்கிக்கொள்ளுதல் தமிழ் மாணவர்க்கு எளிது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் பழைய நூல்களைப் பதிப்பிக்கப் புகுந்தபோது ஓர் ஏட்டை மட்டும் நம்பிற்றிலர். ஊரூராகத் தேடிப் பல ஏடுகளைத் தொகுத்து ஒப்பு நோக்கினார். எழுதினோர் செய்த பிழை ஏட்டுக்கு ஏடு வேறுபடும். நூலாசிரியர் பாடமோ ஒன்றே. ஏடுகள் பலவற்றை ஒருங்கே வைத்து நோக்கினால் பிழைகள் விலகி மெய்ப்பாடம் வெளிப்படும். மூளைப் பதிவும் இத்தகையதே. ஒளி காட்டிய கணத்திலிருந்து எண்ணினால், மறுமொழி ஒவ்வொரு முறையும் அதே காலத்தில் எழும். பொது அலையோ ஒருமுறை மேலாகவும் ஒருமுறை கீழாகவும் நிற்கும். நூறு பதிவுகளைக் கூட்டி நூறால் வகுத்தால் மறுமொழி குறையாது நிற்ப, இரைச்சல் பத்திலொரு பங்காகச் சுருங்கும். பதிவுகளின் தொகையை நான்கு மடங்காக்கினால் இரைச்சல் பாதியாகும் என்பது இதற்குரிய கணக்கு.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. பல ஏடுகளும் ஒரே பிழையேட்டைப் பார்த்து எழுதப்பட்டிருப்பின், எத்தனை ஏடு தொகுப்பினும் அப்பிழை நீங்காது. அதுபோல, அறையிலுள்ள மின்கம்பிகளின் அதிர்வு ஒளி காட்டும் தாளத்தோடு ஒத்து நிகழுமாயின், அவ்வதிர்வும் மறுமொழி போலவே வளர்ந்து நிற்கும். ஆதலின் ஒளி காட்டும் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு ஒத்துப்போகாதவாறு அமைத்தல் வேண்டும் என ஆராய்ச்சியாளர் விதித்துள்ளனர்.

சதுரங்கப் பலகை

முதலில் ஆராய்ச்சியாளர் மின்னல்போல் ஒளிரும் விளக்கையே கண்முன் காட்டினர். அதற்கு எழும் மறுமொழி ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபட்டது. நலமுடையார் இவர், நோயுடையார் இவர் எனக் கோடு கிழிக்க இயலவில்லை. பின்னர்க் கறுப்பும் வெள்ளையுமாகிய கட்டங்களைக் கொண்ட சதுரங்கப் பலகை போன்ற உருவத்தைக் காட்டி, ஒரு கணத்திற் கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றும் முறை கைக்கொள்ளப்பட்டது. இம்மாற்றத்தில் மொத்த ஒளியின் அளவு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. கட்டங்களின் விளிம்புகளே மாறுகின்றன. பார்வைக்குரிய மூளையின் அணுக்கள் வெறும் ஒளியினும் விளிம்புகளையும் கோடுகளையுமே சிறப்பாக உணர்வன என்பதனை ஹியூபல், வீசல் என்னும் இருவர் 1959ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட ஆராய்ச்சிகளால் நிறுவினர். அதன்பொருட்டு 1981ஆம் ஆண்டு நோபெல் பரிசிற் பங்கு பெற்றனர். ஆகவே கட்டம் மாறும் பலகைக்கு மூளை தெளிவாக மறுமொழி தருதல் வியப்பன்று.

சோதனை நடைபெறும் முறையையும் கூறுவோம். சோதிக்கப்படுபவர் ஒரு நாற்காலியில் அமர்வார். பிடரியின் மேற்பகுதியில் மயிரை விலக்கித் தோலைத் துடைத்து, மின்சாரம் கடத்தும் பசை கொண்டு சிறு வட்டமான மின்வாய் ஒன்றை ஒட்டுவர்; ஒப்பு நோக்குதற்கு நெற்றிப்புறத்தில் மற்றொன்றை ஒட்டுவர். ஊசி குத்துதலும் இல்லை, நோவும் இல்லை, உடலினுள் மின்சாரம் செலுத்துதலும் இல்லை. மூளை தருவதைப் பெறுகின்றனரேயன்றி அதற்கு எதனையும் கொடுக்கின்றிலர். மூக்குக் கண்ணாடி அணிபவர் அதனை அணிந்தே இருத்தல் வேண்டும். கட்டங்கள் மங்கித் தோன்றினால் மறுமொழியும் குறையுமாதலின். ஒரு கண்ணை மூடி, மற்றைக் கண்ணாற் பலகையின் நடுவிலுள்ள புள்ளியை நோக்குவார். இரு கண்களும் தனித்தனியே சோதிக்கப்படும்.

கண்பார்வையின் மின்னியலை ஆராயும் அனைத்துலகச் சங்கத்தார் 1995ஆம் ஆண்டு இச்சோதனைக்கு விதிமுறை வகுத்துப் பின்னர்ப் பலமுறை திருத்தியுள்ளனர். அவர்தம் 2016ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, கட்டத்தின் பக்கம் ஒரு பாகை அளவினதாகவும், பின்னர்க் காற்பாகை அளவினதாகவும் இருத்தல் வேண்டும். பலகை ஒரு மீட்டர்த் தொலைவில் இருப்பின் ஒரு பாகை என்பது ஏறக்குறைய ஒன்றே முக்கால் சென்டிமீட்டர். கட்டங்கள் விநாடிக்கு இருமுறை மாறும். குறைந்தது 50 பதிவுகளின் சராசரியைக் காணல் வேண்டும். காண்டது மெய்யோ எனத் தெளிய மீண்டும் ஒருமுறை அவ்வாறே செய்தல் வேண்டும்.

இவ்வாறு பெற்ற வளைகோட்டில் முதலில் ஒரு சிறு பள்ளமும், அடுத்து ஓர் உயர்ந்த முகடும், பின்னும் ஒரு பள்ளமும் தோன்றும். ஒரு விநாடியை ஆயிரங் கூறிட்டால் வரும் ஒரு கூற்றை மில்லிவிநாடி என்பர். நலமுடையாரிடத்து அம்முகடு கட்டம் மாறியதிலிருந்து ஏறக்குறைய 100 மில்லிவிநாடியில் எழும். முகட்டின் உயரம் ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபடும். அதன் காலமோ அத்துணை வேறுபடுவதில்லை. ஆதலின் மருத்துவர் பெரிதும் நம்புவது உயரத்தையன்று, காலத்தையே. எனினும் பலகையின் ஒளி, கட்டத்தின் அளவு, வயது முதலியவற்றால் அக்காலமும் சிறிது மாறுமாதலின், ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் நலமுடையார் பலரைச் சோதித்துத் தனக்குரிய அளவைத் தானே வரையறுத்துக்கொள்ளல் வேண்டும்.

தாமதம் கூறும் செய்தி

இனி, நோய்க்கண் இம்முகடு தாமதித்து எழுதற்குக் காரணம் யாது எனக் காண்போம். ஒவ்வொரு கண்ணிலிருந்தும் ஏறக்குறைய பத்து லட்சம் நரம்பிழைகள் பார்வை நரம்பாகத் திரண்டு செல்கின்றன. அவ்விழைகளின்மேல் மயலின் என்னும் கொழுப்புறை இடைவெளி விட்டுச் சுற்றப்பட்டுள்ளது. நரம்புச் செய்தி இழை நெடுகத் தவழ்ந்து செல்லாது, ஓரிடைவெளியிலிருந்து அடுத்த இடைவெளிக்குத் தாவிச் செல்லும். அதனாலேயே அது விரைவுடையதாகின்றது. உறை அழியுமாயின் தாவுதல் குன்றும். செய்தி மெதுவாகச் செல்லும், அன்றி முற்றும் நின்றுவிடும். மக்டொனால்டு, சியர்ஸ் என்னும் இருவர் 1970ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில், மயலின் இழந்த நடுநரம்பு இழைகளிற் செய்தி மெதுவாகச் செல்லுதலைப் பூனைகளிடத்துக் காட்டினர்.

மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்பது மூளையிலும் தண்டுவடத்திலும் பார்வை நரம்பிலும் இவ்வுறையை அங்கங்கே அழிக்கும் நோய். பெரும்பாலும் இளமைப் பருவத்தினரையே, அவருள்ளும் பெண்டிரையே மிகுதியாகப் பற்றும். பலர்க்கு அதன் முதற்குறி பார்வை நரம்பின் அழற்சி: ஒரு கண்ணிற் பார்வை மங்கும், கண்ணை அசைத்தால் நோகும், செந்நிறம் வெளிறித் தோன்றும். சில கிழமைகளிற் பெரும்பாலோர்க்குப் பார்வை மீண்டுவிடும். பின்னொருநாள் கால் மரத்துப்போகும், அதுவும் மீளும். மருத்துவர் கண்ணை நோக்கினால் குறையொன்றும் காணப்படாது. எழுத்துப் பலகையின் கடைசி வரியையும் நோயாளர் படித்துவிடுவர். அந்நிலையில் அவர் கூறும் துன்பத்திற்குச் சான்று அவர் சொல்லேயன்றிப் பிறிதில்லை. இத்தகையோருள் மனக்கோளாறுடையர் எனத் தள்ளப்பட்டாரும் உளர்.

1972ஆம் ஆண்டு, டாசன் ஆராய்ந்த அதே லண்டன் மருத்துவமனையில் ஹாலிடே, மக்டொனால்டு, முஷின் என்னும் மூவர், பார்வை நரம்பு அழற்சியுற்றாரைக் கட்டம் மாறும் பலகையாற் சோதித்து லான்செட் இதழில் வெளியிட்டனர். நோயுற்ற கண்ணின் மறுமொழி தெளிவாகத் தாமதித்திருந்தது. அதனினும் வியப்பு யாதெனில், பார்வை மீண்டு எழுத்துக்களை நன்கு படிக்க வல்லாரிடத்தும் அத்தாமதம் நீங்காது நின்றமையே. மறுவாண்டு அவர்கள் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் நோயினரைச் சோதித்து வெளியிட்டபோது, கண்ணில் நோய் வந்ததாகவே அறியாதார் பலரிடத்தும் தாமதம் காணப்பட்டது. அவர்தம் பார்வை நரம்பு, அவரும் அறியாமல் ஒருகாற் புண்பட்டு ஆறியிருந்தது.

இதன் பயன் பெரிது. அந்நோயை உறுதிசெய்தற்கு நரம்பு மண்டலத்தின் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் தாக்கப்பட்டமை தெரிதல் வேண்டும். கால் மரத்தவர்க்குத் தண்டுவடத்திற் புண் இருத்தல் கூடும் என ஊகிக்கலாம். பார்வை நரம்பிலும் புண் உண்டென மறுமொழியின் தாமதம் காட்டினால், ஈரிடம் என்பது புலனாகும். 1980க்குப் பின் எம். ஆர். ஐ. என்னும் காந்தப் படம் வந்து மூளையின் புண்களை நேரே காட்டியதால், இச்சோதனையின் இன்றியமையாமை சிறிது குறைந்தது. ஆயினும் அது கைவிடப்படவில்லை. மக்டொனால்டின் பெயரால் வழங்கும் நோய்த்துணிவு விதிகள் 2024ஆம் ஆண்டில் திருத்தப்பட்டபோது, பார்வை நரம்பும் எண்ணத்தக்க இடங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. அந்நரம்பு தாக்கப்பட்டதைக் காட்டும் வழிகளுள் இச்சோதனையும் ஒன்றாக ஏற்கப்பட்டது.

பேச இயலாதாரும் நிறமிழந்தாரும்

எழுத்தறியாக் குழந்தையின் பார்வையை அளப்பதெங்ஙனம்? ‘தெரிகின்றதா?’ என வினவினால் விடை கூற அதற்கு வாயில்லை. தாயின் மடியில் அமர்த்திப் பலகையைக் காட்டி, கட்டங்களை அல்லது கோடுகளைப் படிப்படியாக நுண்ணியதாக்கிக்கொண்டே செல்வர். எந்நுண்மை வரை மூளை மறுமொழி தருகின்றதோ அந்நுண்மை வரை அதன் பார்வை செல்கின்றது எனக் கணிப்பர். குழந்தை வேறிடம் நோக்கினால் பதிவை நிறுத்தி, மீண்டும் நோக்கும்போது தொடர்வர். நார்சியா, டைலர் என்னும் இருவர் இத்தகைய முறையொன்றால் பிறந்த ஓராண்டிற்குள் பார்வை விரைவாகக் கூர்மையடைதலை 1985ஆம் ஆண்டு வெளியிட்டனர்.

பிறவியிலேயே தோலும் மயிரும் நிறமிழந்திருப்பாரிடத்து வேறொரு புதுமை காணப்படுகின்றது. இயல்பாக ஒவ்வொரு கண்ணின் நரம்பிழைகளிலும் ஏறக்குறையப் பாதி மறுபுறத்து மூளைக்குக் குறுக்கே கடந்து செல்லும். எஞ்சியவை தம்புறத்திலேயே செல்லும். நிறமிழந்தாரிடத்தோ மிகப் பல இழைகள் கடந்துவிடுகின்றன. பிடரியின் இருபுறத்தும் மின்வாய்களை ஒட்டிச் சோதித்தால், ஒரு கண்ணைத் தூண்டும்போது எதிர்ப்புறத்து மூளையிலேயே மறுமொழி மிகுந்து தோன்றும். உயிரோடிருப்பாரின் தலையினுள் நரம்புகள் செல்லும் நெறியை, தோலின்மேல் ஒட்டிய மூன்று நான்கு மின்வாய்கள் காட்டிவிடுகின்றன.

மருந்தாராய்ச்சியில் இவ்வளவை

அழிந்த மயலினை மீண்டும் வளரச் செய்யும் மருந்து உண்டோ எனப் பலர் தேடி வருகின்றனர். அத்தகைய மருந்து பயன் தந்ததா என அறிதற்கு நோயாளரின் நடையையும் கைத்திறனையும் மட்டும் நோக்கினால் பல்லாண்டு காத்திருத்தல் வேண்டும். மறுமொழியின் தாமதமோ எண்ணால் அளக்கத்தக்கது. உறை வளர்ந்தால் தாமதம் குறைதல் வேண்டும். ஆதலின் ஆராய்ச்சியாளர் இதனை அளவுகோலாகக் கொண்டனர். கிளெமாஸ்டின் என்பது ஒவ்வாமைக்கு நெடுங்காலமாக வழங்கிய பழைய மருந்து. கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 50 நோயாளர்க்கு அதனையும் வெற்று மாத்திரையையும் முறைமாற்றிக் கொடுத்துச் செய்த ஆராய்ச்சி 2017ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளிவந்தது. எவர்க்கு எப்போது எது கொடுக்கப்பட்டது என்பதை நோயாளரும் சோதித்தாரும் அறியார். மருந்து உட்கொண்ட காலத்தில் ஒரு கண்ணுக்குச் சராசரி 1.7 மில்லிவிநாடி அளவு தாமதம் குறைந்தது. அம்மருந்து களைப்பை மிகுத்தது என்பதும் அவ்வாராய்ச்சியிற் கூறப்பட்டது.

1.7 மில்லிவிநாடி என்பது மிகச் சிறிது. அதனால் நோயாளரின் வாழ்வு எளிதாயிற்று எனக் கூறிவிடல் இயலாது. ஆயினும் நெடுநாட்பட்ட நரம்புப் புண்ணும் ஒருகால் திருந்தக்கூடும் என்பதற்கு அஃது ஓர் அறிகுறியாகக் கொள்ளப்பட்டது. அதே ஆண்டு, ஓபிசினுமாப் என்னும் வேறொரு மருந்தை முதன்முறை பார்வை நரம்பு அழற்சியுற்றார்க்குக் கொடுத்துச் செய்த ஆராய்ச்சியும் வெளிவந்தது. அதன் முதற்கணக்கில், மருந்து பெற்றார்க்கும் பெறாதார்க்கும் இடையே தாமதத்தில் ஐயமற்ற வேறுபாடு காணப்படவில்லை. அளவுகோல் ஒன்றே, ஒன்றிற்கு ஒருவாறு ஆம் என்றது, மற்றொன்றிற்கு அவ்வாறு கூறவில்லை. விரும்பிய விடையை மட்டும் தரும் அளவுகோல் ஆராய்ச்சிக்கு உதவாது.

இதன் எல்லை

இச்சோதனை தாமதத்தைக் காட்டும். தாமதத்தின் காரணத்தைத் தானே காட்டாது. மயலின் அழிவே அன்றி, விழித்திரையின் நடுப்பகுதி நோய், நரம்பை நெருக்கும் கட்டி, பொருந்தாத மூக்குக் கண்ணாடி முதலியவற்றாலும் மறுமொழி தாமதிக்கலாம், குன்றலாம். சோதிக்கப்படுபவர் உறங்கி விழுந்தாலும் புள்ளியை நோக்காது வேறெங்கோ நோக்கினாலும் மறுமொழி கெடும். ஆதலின் விழித்திரையைத் தனியே சோதித்தல், கண்ணை நேரே நோக்கல், நோயாளர் கூறுவதைக் கேட்டல் ஆகிய யாவும் உடன் வேண்டும்.

மேலும், செய்தி மூளையை உரிய காலத்தில் அடைந்தது என்பதனாலேயே அவர் கண்டார் எனத் துணிதலும் கூடாது. பிடரிப்புறத்து மூளைக்கு அப்பாலும் காண்டலுக்குரிய பகுதிகள் உள. மறுமொழி தெளிவாக எழுந்தும் பார்வையின்றி வாழ்ந்தாரைப் பற்றிய குறிப்புக்கள் மருத்துவ நூல்களில் உண்டு. ‘வளைகோடு நன்றாயிருக்கின்றது, ஆகவே நீ கூறுவது பொய்’ என ஒருவரை நோக்கிக் கூறுதற்கு இப்பொறி உரிமை தருவதில்லை. 1972ஆம் ஆண்டின் ஆராய்ச்சி கற்பித்தது இதற்கு மறுதலை அன்றோ? எழுத்துப் பலகையைப் படித்தமையால் நரம்பு நலமுடையது என எண்ணியிருந்தார்க்கு, அந்நரம்பின் பழைய புண்ணைத் தாமதம் காட்டிற்று. ஒரு சோதனையிற் குறை காணாமை, குறையே இல்லை என்பதற்குச் சான்றாகாது. இச்சோதனைக்கும் அவ்விதி பொருந்தும்.

நம் கல்லூரியில் இயற்கை நூல் பயின்று மருத்துவத் தொழிலை நாடும் நண்பர் பலர் உளர். அன்னார்க்கு ஒரு விண்ணப்பம் செய்து முடிக்கின்றோம். இச்சோதனை நன்கு நடைபெறுதல் நோயாளரைப் பொறுத்தது. அவர் புள்ளியை உற்று நோக்கல் வேண்டும். உடல் தளர்ந்து அமைதியாக இருத்தல் வேண்டும். தலையிற் கம்பிகளை ஒட்டும்போது, ‘மின்சாரம் பாய்ச்சப் போகின்றனரோ’ என அஞ்சுவார் கழுத்தையும் தாடையையும் இறுக்கிக்கொள்வர். அத்தசைகளின் மின்சாரம் பதிவைக் கெடுத்துவிடும். ‘அம்மா, உங்கள் மூளைக்கு நாங்கள் எதனையும் செலுத்தவில்லை, அது பேசுவதையே கேட்கின்றோம்’ என அவர் அறிந்த மொழியில் ஒரு வார்த்தை கூறினால் அவ்விறுக்கம் தளரும். அத்தகைய வார்த்தைகளை ஆக்கித் தருதல் தமிழ் மாணவர் கடன். அவற்றை நோயாளரிடம் அன்போடு எடுத்துரைத்தல் உங்கள் கடன்.